தோல் வளர்க்கும் எஃகு

என் வீட்டுப் பின்கட்டில், கிணற்றடிக்குப் பக்கத்தில், மூன்று கால் ஊன்றி ஓர் எவர்சில்வர் கலன் நிற்கிறது. மேற்பாதி உருளை, கீழ்ப்பாதி கூம்பு, கூம்பின் நுனியில் ஒரு வால்வு. எழுபது லிட்டர் கொள்ளும். சர்க்கரை சேர்த்த தேயிலைச் சாறு அதில் பத்துப் பன்னிரண்டு நாள் புளித்துக் கொம்புச்சாவாக மாறும். வீட்டுக்கும் உறவுக்கும் அக்கம்பக்கத்துக்கும் அது போதும்.

கலன் காலியாக இருக்கும் நாளில் யாராவது வந்தால், உள்ளே கைவிட்டுச் சுவரைத் தடவிப் பார்க்கச் சொல்வேன். "மூட்டு எங்க இருக்குன்னு விரலாலயே கண்டுபிடிங்க" என்பேன். விரல் சுற்றிச் சுற்றி வரும், மூட்டு அகப்படாது. உருளையைச் சேர்த்த நேர்கோடு, உருளையையும் கூம்பையும் இணைத்த வட்டம், கூம்பைச் சுருட்டி ஒட்டிய சரிகோடு மூன்றையும் கூட்டினால் இரண்டு மீட்டருக்கு மேல் வரும். அவ்வளவு நீளத் தழும்பும் விரலுக்குத் தெரியாமல் ஆறியிருக்கிறது. அது ஆறிய விதத்தைத்தான் எழுத வந்தேன்.

இதற்கு முன் ஒரு கலன் இருந்தது. ஒரு பட்டறையில் சொல்லி, அவசரப்படுத்தி வாங்கினேன். வெளிப்பக்கம் முகம் பார்க்கலாம்போல் பளபளத்தது. உட்பக்கம் மூட்டை ஒட்டி நீலமும் கறுப்புமாக ஒரு பட்டை இருந்தது. "அது சூட்டுக் கறை, போகப்போகச் சரியாயிடும்" என்றார்கள், நானும் நம்பினேன். மூன்றாம் மாதம் அந்தப் பட்டையில் காவிநிறக் கோடு ஓடியது. ஆறாம் மாதம் ஊசி குத்தினாற்போல் புள்ளிகள் விழுந்தன. பானத்தில் ஆணியை நக்கினாற்போல் ஒரு சுவை ஏறியது. துருவே பிடிக்காது என்று நான் நம்பியிருந்த உலோகம் எங்கே தோற்றது என்று தேடப் போனபோதுதான், அதைப் பற்றி நான் ஒன்றுமே அறிந்திருக்கவில்லை என்று தெரிந்தது.

உப்புக்காற்று ஊரில் இருப்பவனுக்கு இரும்பின் முடிவு புதிதல்ல. புதுச்சேரிக் கடற்கரைக்கு முன்னால் 1866 முதல் கப்பல் சரக்கை இறக்கிய பழைய இரும்புப் பாலம், 1952 புயலில் இடிந்தது. எங்கள் வீட்டு ஜன்னல் கம்பிக்கு ஆண்டுதோறும் சாயம் அடித்தும் அது உரிந்து உதிர்கிறது. அதே காற்றில் அதே இரும்பிலிருந்து பிறந்த கலன் ஒன்று வெள்ளையாக நிற்கிறது என்றால், அதற்கு எங்கோ ஒரு காவல் இருக்க வேண்டும்.

பெயருக்குள் மறைந்தது

நாம் வைத்த பெயர் எவர்சில்வர். என்றும் வெள்ளிபோல் இருப்பது என்று பொருள். சீர்வரிசையில் வைத்து, பெயர் வெட்டி, தலைமுறைக்கும் வரும் என்று மகளுக்குக் கொடுத்தனுப்பும் பாத்திரத்துக்குப் பொருத்தமான பெயர்தான். ஆனால் அந்தப் பெயர் நம் கண்ணைப் பளபளப்பிலேயே நிறுத்திவிடுகிறது. உண்மையில் இந்த உலோகத்தைக் காப்பது கண்ணுக்குத் தெரியாத ஒரு தோல்.

இரும்போடு குறைந்தது 10.5 விழுக்காடு குரோமியம் கலந்தால், காற்றிலுள்ள ஆக்சிஜன் அந்தக் குரோமியத்தைப் பிடித்து மேற்பரப்பில் ஓர் ஆக்சைடு படலமாக மாற்றும். அதன் தடிமன் ஒன்றிலிருந்து மூன்று நானோமீட்டர்தான். தலைமுடி ஒன்றின் பருமனுக்கு அப்படிப் பல்லாயிரம் படலங்களை அடுக்கலாம். கீறினால் அந்த இடத்தில் மறுகணமே புதுப்படலம் வளரும். இரும்புத் துரு உதிர்ந்து மேலும் மேலும் இரும்பைத் தின்னும். குரோமியத்தின் ஆக்சைடோ ஒட்டிக்கொண்டு, உள்ளே இருப்பதை மூடிக் காக்கும். எவர்சில்வரும் துருப்பிடிக்கிறது என்றே சொல்லலாம். அந்தத் துருவே அதற்குக் கவசமாகிவிடுகிறது.

இந்த உண்மையின் நுனியை முதலில் தொட்டவர்கள் பிரெஞ்சுக்காரர்கள். 1797-இல் சைபீரியச் சிவப்புத் தாது ஒன்றை ஆராய்ந்த வேதியியலாளர் வோக்லன், அதில் ஒரு புதிய தனிமத்தைக் கண்டார். அதன் சேர்மங்கள் ஒவ்வொன்றும் ஒரு நிறம் காட்டியதால், நிறம் என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து குரோமியம் என்ற பெயர் பிறந்தது. 1821-இல், புதுச்சேரி மறுபடி பிரெஞ்சுக்காரர் கைக்கு வந்து சில ஆண்டுகளே ஆகியிருந்தபோது, பியேர் பெர்த்தியே என்ற சுரங்கப் பொறியாளர், குரோமியம் கலந்த இரும்பு அமிலத்தில் எளிதில் கரைவதில்லை என்று கண்டு, கத்தி செய்ய ஆகும் என்று எழுதினார். அவர் செய்த கலவையில் கரி கூடுதல். உடைந்துபோகும் தன்மை இருந்தது. கரியைக் குறைக்கும் வழி கைவர இன்னும் பல பத்தாண்டுகள் பிடித்தன. 1912-இல் ஜெர்மனியின் குருப் ஆலையில் மவுரரும் ஸ்ட்ராவுஸும் குரோமியத்தோடு நிக்கலும் சேர்ந்த எஃகுக்குக் காப்புரிமை கோரினார்கள். 1913-இல் ஷெஃபீல்டில் துப்பாக்கிக் குழலுக்கு எஃகு தேடிய ஹாரி பிரியர்லி, சுமார் 13 விழுக்காடு குரோமியம் உள்ள, துருப்பிடிக்காத வார்ப்பு ஒன்றை எடுத்தார். 18 விழுக்காடு குரோமியம், 8 விழுக்காடு நிக்கல் என்ற அளவு பின்னர் நிலைத்தது. இன்று பட்டறையில் '304' என்று கேட்டால் கிடைப்பது அந்த வம்சம்தான்.

சுகிந்தாவிலிருந்து சேலம் வழியாக

என் இரண்டாவது கலனுக்கான தகட்டில் சேலம் ஸ்டெயின்லெஸ் என்ற அச்சு இருந்தது. அங்கிருந்து பின்னோக்கிப் போனால் ஒடிசாவின் ஜாஜ்பூர் மாவட்டத்துச் சுகிந்தா பள்ளத்தாக்கு வரும். இந்தியாவின் குரோமைட் தாதுவில் 90 விழுக்காட்டுக்கு மேல் அங்கேதான் கிடக்கிறது. கறுத்த அந்தத் தாதுவைக் கல்கரியோடு மின் உலையில் உருக்கி ஃபெர்ரோகுரோம் எடுக்கிறார்கள். நிக்கல் பெரும்பாலும் கடல்தாண்டி வருகிறது.

சுகிந்தாவின் பெயரை நான் கலனோடு சேர்த்தே நினைப்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. தோண்டிக் குவித்த மண்ணில் மழை விழும்போது, குரோமியத்தின் ஒரு பகுதி ஆறிணைதிறன் கொண்ட நச்சு வடிவமாக மாறித் தண்ணீரில் கலக்கிறது. அந்தத் தண்ணீர் தாம்சாலா ஓடையில் இறங்குகிறது. 2007-இல் உலகின் மிக மாசுபட்ட பத்து இடங்களின் பட்டியலில் சுகிந்தா இடம்பெற்றது. என் பானத்தைக் காக்கும் குரோமியம், அது பிறந்த ஊரில் குடிதண்ணீரைக் கெடுத்திருக்கிறது. இதே நச்சு வடிவத்தைக் கலனின் கதையில் இன்னோரிடத்தில் மறுபடி சந்திக்கப்போகிறோம்.

சேலத்துக்கு உருக்காலை வந்தது தானாக நடக்கவில்லை. கஞ்சமலையின் இரும்புத்தாதுவை நம்பித் தமிழ்நாடு கேட்ட ஆலை அது. 1967 ஜூலை 23 அன்று, அண்ணா முதலமைச்சராக இருந்தபோது, சேலம் உருக்காலையும் சேது கால்வாயும் வேண்டுமென்று மாநிலமெங்கும் எழுச்சி நாள் கொண்டாடப்பட்டது. 1970-இல் இந்திரா காந்தி அடிக்கல் நாட்டினார். 1982-இல் உற்பத்தி தொடங்கியபோது, வேறிடத்திலிருந்து வந்த எஃகைக் குளிர்நிலையில் உருட்டி மெல்லிய எவர்சில்வர் தகடாக்கும் ஆலையாக அது நின்றது. உருக்குக்கூடம் 2010-இல்தான் சேர்ந்தது. இந்திய நாணயங்கள் பலவற்றுக்கான வட்டத் தகடுகளும் அங்கே வெட்டப்பட்டவை.

ஆலையை விட்டு வரும்போது தகட்டுக்குக் குறை ஒன்றும் இல்லை. உருட்டி, சூடேற்றிப் பதப்படுத்தி, அமிலத்தில் கழுவி, மீண்டும் மென்மையாக உருட்டி அனுப்புகிறார்கள். அதன் தோல் முழுமையானது. அதற்குக் காயம் உண்டாக்குவது நாம்தான். தகடு கலனாக வேண்டுமென்றால் அதை வெட்டியாக வேண்டும், வளைத்தாக வேண்டும், உருக்கி ஒட்டியாக வேண்டும்.

மேட்டுப்பாளையத்துப் பட்டறை

புதுச்சேரியின் மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில், இரும்பு கேட்டும் ஜன்னல் கம்பியும் செய்யும் பட்டறைகளுக்கு நடுவே, எவர்சில்வர் வேலை மட்டும் செய்யும் இடம் ஒன்றைத் தேடிப் போனேன். அந்த 'மட்டும்' ஏன் முக்கியம் என்பதைப் பிறகு சொல்கிறேன்.

நான் கொண்டுபோன கலனின் படத்தைப் பார்த்ததும் அங்கிருந்த வெல்டர் அண்ணன் கேட்ட முதல் கேள்வி: "பீரு காய்ச்சவா சார்?"

"இல்லண்ணே. டீத்தண்ணி புளிக்கவைக்க."

அவர் கேட்டதில் தவறில்லை. கூம்பு அடி கொண்ட இந்த வடிவம் பீர் காய்ச்சுபவர்கள் உலகெங்கும் பயன்படுத்துவது. வீட்டில் பீர் காய்ச்ச இங்கிலாந்தில் 1963-இல் உரிமக் கட்டாயமும் அமெரிக்காவில் 1978-இல் தடையும் விலகியபின், அங்கே ஆயிரக்கணக்கானவர்கள் பழைய பீர்ப் பீப்பாயை அறுத்தும் தகட்டை வளைத்தும் தங்கள் கலனைத் தாங்களே செய்துகொண்டார்கள். எங்கள் ஊரில் கள்ளுக்கடை உண்டு, சாராயக்கடை உண்டு. ஆனால் உரிமம் இல்லாமல் வீட்டில் மது காய்ச்சச் சட்டம் இடம் தராது. கொம்புச்சாவுக்கும் அதே கலன் பொருந்தும். புளித்து முடிந்ததும் அடியில் இறங்கும் ஈஸ்ட் வண்டல் கூம்பின் வழியே வால்வில் வெளியேறும். ஒரு வகையில் கொம்புச்சா பீரைவிடக் கடுமையான சோதனை. பீரின் அமிலத்தன்மை பி.எச். 4-ஐ ஒட்டியது; கொம்புச்சா 3-க்கு வந்துவிடும். மூட்டில் பலவீனம் இருந்தால் அது முதலில் கண்டுபிடித்துவிடும்.

அண்ணன் 304எல் தகடு எடுத்தார். 'எல்' என்றால் கரி 0.03 விழுக்காட்டுக்குள். காந்தம் ஒட்டவில்லை என்றால் நல்ல எவர்சில்வர் என்று வீட்டில் சொல்லிக்கொள்வோம். நிக்கலுக்குப் பதில் மாங்கனீசு ஏற்றிய மலிவுத் தகட்டிலும் காந்தம் ஒட்டாது. அதைப் பிரிக்க அவர் ஒரு சொட்டுத் திரவத்தை வைத்து பாட்டரி முனையைத் தொட்டுக் காட்டினார். மாங்கனீசு கூடியதாக இருந்தால் சிவந்திருக்கும், சிவக்கவில்லை.

ஒன்றரை மில்லிமீட்டர் தகட்டில் உருளைக்கு ஒரு செவ்வகம், கூம்புக்கு ஓர் அரைவட்டம். 60 பாகைக் கூம்பை விரித்தால் சரியாக அரைவட்டம் வரும் என்பதைக் கணக்குப் புத்தகம் சொல்லும். அவர் கை அதைக் கயிறும் ஆணியும் வைத்தே சொன்னது. 40 செ.மீ. விட்டமுள்ள வாய்க்கு 40 செ.மீ. ஆரமுள்ள அரைவட்டம். இரண்டும் சேர்ந்து பத்துக் கிலோவுக்குக் கிட்ட எடை.

பிறகு அவர் செய்தது எனக்குப் புதிது. விளிம்புகளை அசிட்டோன் நனைத்த துணியால் துடைத்தார். எண்ணெய்ப் பிசுக்கு, மார்க்கர் கோடு, கைரேகை எல்லாம் போயின. விளிம்புகளை அங்கங்கே புள்ளியாக உருக்கி ('டாக்' போட்டு) சேர்த்தபின், கலனின் வாயை அலுமினியத் தாளால் மூடி, அடி ஓட்டை வழியே ஒரு குழாயைச் செருகி உள்ளே ஆர்கான் வாயுவை விட்டார். மேலே ஒரு சிறு துளை மட்டும் திறந்திருந்தது. ஆர்கான் காற்றைவிடக் கனம். அடியிலிருந்து நிரம்பி, காற்றை மேல்துளை வழியே தள்ளும். கால்மணி நேரம் அவர் சும்மா உட்கார்ந்திருந்தார்.

"எதுக்கண்ணே இது?"

"வெளியில டார்ச்சுல ஆர்கான் வருதுல்ல, அது வெளிப்பக்கத்தத்தான் காக்கும். உள்பக்கமும் உருகுது சார். அங்க காத்து பட்டா சக்கரப்பாகு பொங்கினாப்புல கறுத்துப்போயிடும். அதுக்கப்புறம் எத்தன தேச்சாலும் வராது."

என் முதல் கலனின் உட்பக்கக் கறுப்பு அதுதான் என்று அப்போது புரிந்தது. அங்கே உள்ளே வாயு விட்டிருக்கவில்லை. நானும் கேட்டிருக்கவில்லை.

காயத்தின் நிறங்கள்

ஐம்பது ஆம்பியருக்குப் பக்கத்தில் மின்சாரம் வைத்து, 308எல் கம்பியைத் தொட்டுத் தொட்டு அவர் மூட்டை நகர்த்தினார். சுடர் நிற்கும் இடத்தில் எஃகு 1400 டிகிரிக்கு மேல் சூடேறி உருகி ஒரு சிறு குளமாகிறது. குளம் நகர்ந்தபின் மிச்சமாவது, ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்த செதில்கள்போன்ற வெல்டிங் கோடும் அதன் இருபக்கமும் ஓடும் வானவில்லும்.

அந்த நிறங்களை ஒருமுறை படிக்கக் கற்றுக்கொண்டால் மறக்காது. கோட்டிலிருந்து தள்ளி இருப்பது வெளிர்மஞ்சள்; அங்கே சூடு 300 டிகிரியைச் சுற்றி ஏறியிருக்கும். உள்ளே வர வர வைக்கோல் மஞ்சள், பழுப்பு, ஊதா. 540 டிகிரியை ஒட்டி நீலம், 600-இல் கருநீலம். குரோமியத்துக்குப் பெயர் தந்த சேர்மங்களின் நிறங்கள் அல்ல இவை. சூட்டில் தடித்துப்போன ஆக்சைடு படலத்தின் மேலிருந்தும் அடியிலிருந்தும் திரும்பும் ஒளி ஒன்றோடொன்று கலப்பதால் தோன்றுபவை. மழைக்குப் பின் சாலைத் தண்ணீரில் மிதக்கும் பெட்ரோலில் தெரிவதும் இதுவே. தடிமன் கூடக்கூட நிறம் மாறுகிறது.

பார்க்க அழகுதான். ஆனால் அந்த அழகு காயத்தின் கணக்கு. தடித்த படலத்தில் இரும்பு கலந்திருக்கிறது. அது இறுகிய தோல் இல்லை, பொரிந்த பொருக்கு. அந்தப் பொருக்கு வளர்வதற்கு வேண்டிய குரோமியத்தை அதற்கு நேர் அடியிலுள்ள உலோகத்திலிருந்தே உறிஞ்சியிருக்கிறது. எனவே நிறத்துக்குக் கீழே குரோமியம் வறண்ட ஒரு மெல்லிய அடுக்கு இருக்கிறது. நிறத்தை மட்டும் துடைத்துப் பளபளப்பாக்கினால், அந்த வறண்ட அடுக்கு வெளியே வந்து நிற்கும். பார்வைக்குச் சுத்தம், அமிலம் பட்டால் முதலில் அதுதான் கரையும். முதல் கலனின் வெளிப்பளபளப்பு என்னை ஏமாற்றியது இந்த இடத்தில்தான். பொருக்கும் போக வேண்டும், அதன் அடியிலுள்ள வறண்ட அடுக்கும் போக வேண்டும். அதுவரை புதுத்தோல் வளர இடமில்லை.

தேய்ப்பதும் கரைப்பதும்

உட்பக்கம் மேடாக நின்ற கோட்டை அண்ணன் முதலில் தட்டையாக்கினார். கரடான தாளில் தொடங்கி, 120, 180, 240 என்று மென்மைக்குப் போனார். ஒவ்வொரு தாளையும் முந்தையதற்குக் குறுக்காக ஓட்டினார். பழைய கீறல் முழுக்க மறைந்ததா என்று அப்படித்தான் தெரியும். அழுத்தித் தேய்த்தால் உராய்வுச் சூட்டிலேயே மறுபடி மஞ்சள் பூத்துவிடும் என்பதால், நடுநடுவே கைவைத்துச் சூடு பார்த்தார். உணவு தொடும் பரப்பின் சொரசொரப்பு சராசரியாக 0.8 மைக்ரோமீட்டருக்குள் இருக்க வேண்டும் என்பது உணவுத் தொழில் ஏற்றுக்கொண்ட அளவு. பாக்டீரியா ஒன்றின் உடம்பு ஏறக்குறைய ஒரு மைக்ரோமீட்டர். அதைவிட ஆழமான கீறல் அதற்கு வீடு; கழுவும்போது அது வெளியே வராது. கெட்ட கிருமி ஒன்று அங்கே குடியேறினால் அடுத்த பத்து முறை காய்ச்சுவதும் பாழ்.

இங்கேதான் எவர்சில்வர் 'மட்டும்' செய்யும் பட்டறையின் பொருள் விளங்குகிறது. சாதா இரும்பைத் தேய்த்த வட்டுத் தாளை எவர்சில்வரில் வைத்தால் இரும்புத் துகள் அதில் புதைந்துவிடும். பக்கத்தில் ஒருவர் கேட்டுக்கு கிரைண்டர் போட்டால் பறந்து வரும் பொறியே போதும். ஒரு மழைக்காலம் கழித்து அந்தத் துகள்கள் ஒவ்வொன்றும் காவிப் புள்ளியாகப் பூக்கும். அதனால் அவர் வட்டுகளையும் பிரஷ்களையும் தனிப்பெட்டியில் பூட்டியே வைத்திருக்கிறார்.

அடுத்தது பிக்ளிங் பேஸ்ட். நைட்ரிக் அமிலமும் ஹைட்ரோஃப்ளுரிக் அமிலமும் சேர்ந்த வெள்ளைப் பசை. மூட்டின் மேல் தடிமனாகப் பூசி அரைமணி நேரம்போல் விட்டால், பொருக்கையும் வறண்ட அடுக்கையும் சேர்த்துக் கரைத்துவிடும். வெயிலில் வைத்தால் உலர்ந்துபோகும். நிழலில்தான் செய்ய வேண்டும். கழுவினால் மூட்டு பளபளக்காது. சாம்பல் பூசினாற்போல் மங்கலான வெண்மைதான் வரும். நான் பார்த்ததிலேயே நேர்மையான வெண்மை அது.

ஆனால் இந்தப் பசையைப் பற்றி எழுதும்போது கை தயங்குகிறது. ஹைட்ரோஃப்ளுரிக் அமிலம் தோலைச் சுடுவதோடு நிற்பதில்லை. ஊடுருவிப் போய், ரத்தத்திலும் எலும்பிலும் உள்ள கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளும். நீர்த்ததாக இருந்தால் பட்டவுடன் வலியும் இருக்காது. மணிக்கணக்கு கழித்துத்தான் தெரியும், அதற்குள் உள்ளே இறங்கியிருக்கும். கையுறை, முகமூடி, ஏப்ரன், பக்கத்தில் ஓடும் தண்ணீர், கால்சியம் குளுக்கோனேட் களிம்பு இவை இல்லாத இடத்தில் அந்த டப்பாவைத் திறக்கவே கூடாது. வீட்டில் யாரும் இதைத் தொட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். அண்ணனிடம் இவை அத்தனையும் இருந்தன. வேறு பட்டறைகளில் வெறுங்கையும் பழைய பெயின்ட் பிரஷும் கண்டிருக்கிறேன்.

சுகிந்தாவின் நச்சு வடிவம் திரும்ப வருவதாகச் சொன்னேன். அது இங்கே, வெல்டரின் மூச்சில் வருகிறது. எவர்சில்வரை வெல்டிங் செய்யும்போது எழும் புகையில் ஆறிணைதிறன் குரோமியம் இருக்கிறது. வெல்டிங் புகை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குவது என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2017-இல் வகைப்படுத்தியது. ஆர்கான் வெல்டிங்கில் புகை குறைவு, இல்லாமல் இல்லை. புகை உறிஞ்சும் விசிறி ஒன்றுக்கும் நல்ல முகமூடிக்கும் ஆகும் செலவை யாரோ ஏற்க வேண்டும். 1936 ஜூலை 30 அன்று பஞ்சாலைத் தொழிலாளர்கள் 12 பேர் பிரெஞ்சு ஆட்சியின் துப்பாக்கிச் சூட்டில் மாண்டு, அடுத்த ஆண்டே எட்டு மணி நேர வேலையைச் சட்டமாக்கிய ஊர் புதுச்சேரி. தொழிலாளியின் நேரத்துக்கு இந்த ஊர் கொடுத்த மதிப்பை அவருடைய நுரையீரலுக்கும் கொடுக்க வேண்டும். கலனுக்கு விலை பேசும்போது "கிலோ எவ்வளவு" என்று மட்டும் கேட்டால், அந்த விசிறிக்குப் பணம் எங்கிருந்து வரும்? வாயுவுக்கும் சுத்தத்துக்கும் பாதுகாப்புக்கும் ஆகும் கூலியைத் தனியாக எழுதித் தரச் சொல்லி, பேரம் பேசாமல் கொடுத்தேன். முதல் கலனுக்கு நான் செலுத்தாத விலை அது.

கழுவிய தண்ணீருக்கும் ஒரு வழி வேண்டும். அதில் குரோமியமும் நிக்கலும் ஃப்ளுரைடும் கரைந்திருக்கும். வாய்க்காலில் விட்டால் அது கடலுக்குப் போகும், மீனுக்குப் போகும். அண்ணன் அதை ஒரு பிளாஸ்டிக் பீப்பாயில் பிடித்து, சுண்ணாம்பு கலந்து, அமிலம் அடங்கி உலோகங்கள் சேறாக அடியில் இறங்கும்வரை விட்டுவைத்தார். சேற்றைத் தனியாக மூட்டை கட்டி, அபாயக் கழிவு எடுப்பவர்களுக்காக ஒதுக்கினார். பாஸ்பாரிக் அமிலம் தோய்த்த கரியிழைத் தூரிகையில் மின்சாரம் ஓட்டி மூட்டைத் துடைக்கும் கருவி இப்போது வருகிறது. அதற்கு ஹைட்ரோஃப்ளுரிக் வேண்டாம். அது எல்லாச் சிறு பட்டறைகளுக்கும் எட்டும் நாள் சீக்கிரம் வர வேண்டும்.

எலுமிச்சை உப்பு

கடைசி வேலையை நான் வீட்டிலேயே செய்தேன். அதற்கு வேண்டியது சிட்ரிக் அமிலம். மளிகைக் கடையில் எலுமிச்சை உப்பு என்று கேட்டாலே கிடைக்கும். நூறு பங்கு தண்ணீருக்கு ஐந்து பங்கு. வெதுவெதுப்பான கரைசலைக் கலனில் ஊற்றி, அரைமணி நேரம் சாய்த்தும் உருட்டியும் உட்பக்கம் முழுக்க நனைந்தே இருக்கும்படி பார்த்துக்கொண்டேன். பரப்பில் ஒட்டியிருக்கும் இரும்பணுக்களைச் சிட்ரிக் அமிலம் கவ்வி எடுத்துவிடும், குரோமியத்தை விட்டுவிடும். தொழிற்சாலைகள் இதற்கு நைட்ரிக் அமிலத்தையும் பயன்படுத்துகின்றன. சிட்ரிக்குக்கும் முறையான தரவிதி இருக்கிறது. பித்தளைக் குடத்தைப் புளி போட்டு விளக்கிய பாட்டியின் கையும் ஏறக்குறைய இதைத்தான் செய்தது. புளியின் அமிலம் செம்பின் கறையைக் கரைத்தது. எலுமிச்சையின் அமிலம் இங்கே இரும்பைக் கரைக்கிறது. ஆனால் நீலமும் கறுப்பும் பூத்த பொருக்கு இதற்கு மசியாது. அது பட்டறையிலேயே போயிருக்க வேண்டும்.

சோதிக்க எளிய வழி ஒன்று உண்டு. சுத்தமான பரப்பில் தண்ணீர் விரிந்து ஒரே தாளாக வழியும். எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் முத்து முத்தாகப் பிரியும். பிறகு ஈரத்துணியை மூட்டின் மேல் ஒரு நாள் முழுக்க நனையவிட்டுப் பார்த்தேன். காவி இறங்கவில்லை. மயில்துத்தக் கரைசலைத் தடவினால் இரும்பு இருக்கும் இடத்தில் செம்பு படியும் என்ற சோதனையும் உண்டு. உணவு தொடும் பரப்பில் அதைச் செய்யக் கூடாது.

இவ்வளவும் செய்தபின் மிச்சமிருந்த வேலை ஒன்றே. நல்ல தண்ணீரில் அலசி, உலரவைத்து, திறந்தபடி விட்டுவிட்டேன். காற்று பட்டது. அந்த நொடியிலேயே தோல் வளரத் தொடங்கியிருக்கும், நாளெல்லாம் இறுகியிருக்கும்.

கடலோரத்து வாழ்க்கை

அதன்பின் கலனின் வாழ்க்கை அமைதியானது. அமைதி குலையாமல் இருக்கச் சில விதிகள் வைத்திருக்கிறேன். ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரில் கடலுப்பு ஏறும் ஊர் இது. குளோரைடு எவர்சில்வரின் முதல் எதிரி. படலத்தில் ஒரு புள்ளியைத் துளைத்து, அங்கேயே ஆழமாகத் தோண்டும். அதனால் கடைசி அலசல் வடிகட்டிய தண்ணீரிலோ பிடித்துவைத்த மழைத்தண்ணீரிலோதான். பிளீச்சிங் பவுடர் கரைசல் பக்கத்திலேயே வராது. தரை கழுவும் ஆசிட் என்று விற்பது ஹைட்ரோகுளோரிக் அமிலம். அது ஒருமுறை பட்டாலே போதும், பட்டறையில் பட்ட பாடெல்லாம் வீண். இரும்பு நார் வேண்டாம். தேங்காய் நார் போதும். வால்வின் இடுக்குகளை மாதம் ஒருமுறை கழற்றிப் பார்ப்பேன். மூட்டு தப்பினாலும் இடுக்கில் அழுக்கு தேங்கும்.

ஒருநாள் இதுவும் தேய்ந்து பழைய இரும்புக் கடைக்குப் போகும். எவர்சில்வர் தன் குணம் கெடாமல் மறுபடி உருகும். அப்போது சுகிந்தாவில் இன்னொரு கூடை மண்ணைத் தோண்ட வேண்டிய தேவை அந்த அளவுக்குக் குறையும். நன்றாகச் செய்த ஒரு மூட்டு பல ஆண்டுகளை அந்த நாளுக்கு முன்னால் சேர்க்கிறது. மூட்டைச் சுத்தம் செய்வதை வெறும் மெருகு வேலை என்று நான் நினைக்காததற்கு அதுவே காரணம். தாதுவைத் தோண்டியவர், தகட்டை உருட்டியவர், வெல்டிங் புகையை மூச்சில் வாங்கியவர் ஆகியோரின் உழைப்பு வீணாகாமல் நிற்பது அந்த இரண்டு மீட்டரில்தான்.

நேற்று ஒரு சுற்று முடிந்து குப்பிகளில் நிரப்பினேன். கலனைக் கழுவி, டார்ச் அடித்து, உருளையும் கூம்பும் சேரும் வட்டத்தில் விரலை ஓட்டினேன். எங்கே தொடங்கினேன், எங்கே முடித்தேன் என்று எனக்கே தெரியவில்லை. பிறகு வழக்கம்போல் மூடியை எடுத்துச் சுவரில் சாய்த்துவைத்துவிட்டு, கிழக்கே பார்த்த ஜன்னலைத் திறந்துவைத்தேன். காற்று உள்ளே போகட்டும்.